நகம் வெட்டக் கொடுக்கிறீர்களா? முதலில் வெட்டுபவர் பறவையைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள்

நான் வளர்க்கும் காக்கட்டீல் என்ற சிறு கொண்டைக் கிளியின் நகங்கள் சுருண்டு வளர்ந்திருந்தன. ஒருநாள் திரைச்சீலையில் நகம் மாட்டித் தலைகீழாகத் தொங்கியது. பதறிப்போய்ப் பறவைகள் விற்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். "ரெண்டு நிமிஷ வேலைங்க" என்றார் கடைக்காரர்.

முஷ்டிக்குள் நெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாம் பயன்படுத்தும் நகவெட்டியால் ஒவ்வொரு நகத்தையும் பாதியாக நறுக்கினார். மூன்றாவது நகத்தில் ரத்தம் கொட்டியது. "தானா நின்னுரும்" என்று துணியால் துடைத்துவிட்டு, அடுத்த நகத்துக்குப் போனார்! நான் பிடுங்கி வாங்குவதற்குள் அது வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தும் சொட்டிக்கொண்டே இருந்தது. சோளமாவை நகநுனியில் அப்பிச் சில நிமிடம் அழுத்திப் பிடித்த பிறகுதான் நின்றது. இரண்டு நாள் அந்தக் காலை ஊன்றவே இல்லை.

பறவை மருத்துவர் சொன்னதைக் கேட்டு நடுங்கிவிட்டேன். பறவைக்கு நமக்கிருப்பதுபோல் மூச்சை இழுக்க உதவும் தசைத்திரை, அதாவது உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. நெஞ்சை இறுக்கினால் சில நிமிடங்களிலேயே மூச்சுமுட்டிச் செத்துப்போகலாம். ரத்தமோ உடல் எடையில் சுமார் 10 சதவீதம்தான். 90 கிராம் பறவைக்கு 9 மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டிகூட இல்லை. அதில்தான் அந்தக் கடைக்காரர் அலட்சியம் காட்டினார்.

மறுபடி போய்க் கேட்டேன். "கறுப்பு நகம், நரம்பு தெரியலை" என்றார். தெரியாத நகத்தில் பாதியை ஏன் வெட்ட வேண்டும்? வெளிர் நகத்தில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய் இளஞ்சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. அதனால்தான் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கொக்கிமுனையை மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள்.

இப்போது வீட்டிலேயே செய்கிறோம். ஒருவர் மெல்லிய துண்டில் தளர்வாகச் சுற்றி, தலையின் இரு பக்கமும் விரல் வைத்துப் பிடிப்போம். நெஞ்சில் கை படாது. இன்னொருவர் வெட்டுவார், அல்லது அரத்தால் ராவுவார். ஒரே நாளில் எல்லா நகமும் முடிய வேண்டும் என்று அவசியமில்லை. இரண்டு நகத்தில் மூச்சு வாங்கினால் அங்கேயே விட்டுவிடுவோம். ரத்தம் நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடரைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வெட்டியையே எடுப்போம். அதை நகநுனியில் மட்டும்தான் வைக்க வேண்டும், தோல் காயத்தில் போடக் கூடாது.

இன்னொன்றையும் மருத்துவர்தான் கேட்டார்: நகம் ஏன் இவ்வளவு வேகமாக வளர்ந்தது? கல்லீரல் கோளாறிலும் இப்படி ஆகுமாம். என் பறவைக்கு அது இல்லை. கூண்டில் இருந்ததெல்லாம் ஒரே பருமனில் வழவழப்பான குச்சிகள், நகம் தேய வழியே இல்லை. பட்டையுள்ள மரக்கிளைகளைப் பல பருமனில் மாற்றி வைத்திருக்கிறேன். மணல்காகிதம் சுற்றிய குச்சி வேண்டாம், உள்ளங்காலைப் புண்ணாக்கிவிடும்.

வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால், வெட்டும் முன்னே "ரத்தம் வந்தால் என்ன போடுவீங்க?" என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் பறவையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.