தகரமா, கல்லா, உருக்கா? வன்னியில் கெதியாய் வந்த வீடுகள்

கிளிநொச்சிப் பக்கம் ஏ9 வீதியை விட்டு உள்ளொழுங்கைகளுக்குள் இறங்கினால் பல வளவுகளில் ஒரே காட்சிதான். முன்னால் கல்வீடு, பின்னால் துருவேறிய தகரக் கொட்டில். இப்போது அது அடுக்களை, இல்லாவிட்டால் விறகும் சைக்கிளும் வைக்கிற இடம். கல்வீடு வந்த பிறகும் கொட்டிலைக் கழற்றாமல் விட்டவர்கள் கெட்டிக்காரர்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

வேகம் மட்டும்தான் கணக்கென்றால் கொட்டிலை அடிக்க எதுவும் இல்லை. 2009 இல் போர் முடிந்த நேரம், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாம்களில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில் அது மூடப்படும்வரை கட்டம் கட்டமாகத் திரும்பி வந்தவர்களின் கையில் இருந்தது தறப்பாளும் தகரமும்தான். தொடக்கத்தில் வந்தவர்களுக்கு 25,000 ரூபா உதவியும் கிடைத்தது. நாலு கப்பு நட்டு, வளை ஏற்றி, தகரம் அடித்தால் இரண்டு மூன்று நாளில் தலைக்குமேல் கூரை. ஆனால் ஆவணி வெயிலில் பகல் முழுக்க மரநிழலில்தான் இருக்க வேண்டும். மார்கழி மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் கேட்காது. தற்காலிகம் என்று கொடுத்த கொட்டிலில் சில பிள்ளைகள் பாலர் வகுப்பில் தொடங்கி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில்வரை படித்தார்கள்.

அடுத்தது இந்திய அரசின் உதவியில் வந்த கல்வீடுகள், இந்திய வீட்டுத்திட்டம். மொத்தம் 50,000 வீடுகள், அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு. ஒரு வீட்டுக்கு 550 சதுர அடி, ஐந்தரை லட்சம் ரூபா. கம்பனி கட்டுவது, வீட்டுக்காரரே கட்டுவது என்ற இரண்டு வழியையும் ஒரு திட்டத்துக்குள்ளேயே பார்க்கக் கிடைத்தது இங்கேதான். முதல் 1,000 வீடுகளை ஒப்பந்த நிறுவனமே கட்டியது. 2010 இறுதியில் தொடங்கிய அந்த வேலை முடிய 2012 நடுப்பகுதி ஆகிவிட்டது. அந்த ஒக்டோபர் முதல் காசு பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாகப் போனது. வீட்டுக்காரரே மேசனைப் பிடித்துக் கட்ட வேண்டும். இந்த வழியில்தான் ஆயிரக்கணக்கான வீடுகள் சமகாலத்தில் எழும்பின. கம்பனி கட்டினால் கெதியாய் முடியும் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம்.

அதற்காக அது சுகமான வழி என்று சொல்ல மாட்டேன். எங்கள் சின்னம்மாவின் வீட்டில் ஆண் துணை இல்லை. மணலுக்கு அனுமதி எடுக்க ஒரு நாள், லோட் வருகிறதா என்று வாசலில் நின்று பார்க்க இன்னொரு நாள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கட்டியதால் மேசன்மாரின் கூலி மாதத்துக்கு மாதம் ஏறியது. கிணறு வற்றிப்போன நேரத்தில் பக்கத்து வளவிலிருந்து குடத்தில் சுமந்து வந்து, விடிய எழும்பி ஒன்று, பொழுதுபட ஒன்று என்று சுவருக்குத் தண்ணீர் விட்டார். கடைசித் தவணைக்கு முன்னமே காசு முடிந்து, காதில் கிடந்த தோடு அடைவு கடைக்குப் போனது. வீடு நல்ல வீடு. தோடு இன்னும் திரும்பவில்லை. பெண் தலைமைக் குடும்பங்களுக்குக் காசோடு ஒரு மேசனையும் ஒழுங்கு செய்து கொடுத்திருந்தால் இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு அதிகம் இருந்திராது.

உருக்கு வீட்டை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 2015, 2016 இல் உருக்குத் துண்டுகளைக் கொண்டுவந்து பொருத்துகிற 65,000 பொருத்து வீடுகள் என்று பேச்சு வந்தது. ஒன்றின் விலை ஏறக்குறைய 21 லட்சம், அப்போது கல்வீடு அதில் பாதிக்குள் முடிந்தது. விறகடுப்பு எரிக்கிற சனத்துக்கு, பிள்ளைகளுக்குக் கலியாணமானால் பக்கத்தில் ஓர் அறை இறக்குகிற சனத்துக்கு, அது தோதான வீடா? பொறியியலாளர்களும் அரசியல்வாதிகளும் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நல்லதுக்குத்தான்.

இப்போது கொட்டில் விசயம். 2018, 2019 இல் மாதிரிக் கிராமங்கள் என்று தொடங்கிய அரச வீடுகளிலும் தவணைக் காசுதான். 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் பலருக்கு அடுத்த தவணை வரவில்லை. அத்திவாரம் போட இடம் வேண்டும் என்று இருந்த கொட்டிலைப் பிரித்தவர்கள், கூரை ஏறாத சுவர்களுக்கு நடுவில் மறுபடி தறப்பாள் கட்டினார்கள். கல்வீட்டுத் திட்டம் எதுவானாலும் கடைசித் தவணை கைக்கு வரும்வரை தகரத்தில் கை வைக்கக் கூடாது.

பிரதேச சபை என்ன செய்தது என்று கேட்பீர்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி சபைகளுக்குத் தேர்தல் நடந்ததே 2011 யூலையில்தான். அதற்குள் முதல் கட்டக் குடியேற்றம் பெரும்பாலும் முடிந்திருந்தது. பயனாளிப் பட்டியல் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் இருந்தது. சபையின் கையில் ஒழுங்கை, வடிகால், கட்டட அனுமதி. மெத்தப் பெரிய அதிகாரமில்லை என்றாலும், வீடு வந்து ஒழுங்கை வராத இடங்களில் சீமெந்து மூடையைத் தலையில் சுமந்தவர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

மூன்று வழியிலும் கழிபட்டுப் போனவர்கள் காணி இல்லாதவர்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் பலவற்றிடம் பெர்மிற், அதாவது அரச காணி அனுமதிப்பத்திரம், இல்லை. பெர்மிற் இல்லையென்றால் பட்டியலில் பெயர் ஏறுவது பெரும்பாடு. அவர்களுக்குத் தகரமா கல்லா என்ற கேள்வியே வரவில்லை. முதலில் வைக்க வேண்டியது காணிக் கச்சேரி, அதாவது யாருக்குக் காணி கொடுப்பது என்று அதிகாரிகள் நடத்துகிற விசாரணை.