பண்டிகைப் புகையை முந்தின நாளே கணிக்கலாமா? வீட்டு மீட்டரோடு என் அனுபவம்

காற்றிலுள்ள நுண்துகளை (பிஎம் 2.5, நுரையீரலுக்குள் போகிற அளவு சிறிய தூசி) அளக்கிற கையடக்க மீட்டர் வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் கண்டிப்பாக வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். கிருஷ்ணகிரியில், மலைக்கோட்டை தெரிகிற தூரத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்குப் பல வருட ஆஸ்துமா. 2022 தீபாவளிக்கு முன் வாங்கிய மீட்டர் இன்னும் மாடிப்படி ஜன்னலோரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது காற்று எப்படி இருக்கிறது என்று பார்க்க வாங்கினேன். நாளைக் காலை எப்படி இருக்கும் என்று கணிக்கத்தான் இப்போது அதிகம் பயன்படுகிறது.

முதலில் ஆப்களைப் பற்றி. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் ஆப்பில் நான் பார்ப்பது ஓசூர் சிப்காட் நிலையத்தை. இங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர். அந்தக் கருவியின் தரத்தில் குறையில்லை. ஆனால் காற்றுத் தரக் குறியீட்டில் நுண்துகள் 24 மணி நேர சராசரியாகத்தான் கணக்கில் சேர்கிறது. தீபாவளி ராத்திரி ஒன்பது மணிக்கு எதிர்வீடு மங்கலாகத் தெரிகிற அளவுக்குப் புகை இருக்கும்போது ஆப் எண் அமைதியாக நிற்கும். மறுநாள் மத்தியானம் காற்று தெளிந்த பிறகும் எண் உயரத்திலேயே இருக்கும். அம்மா எந்த நேரத்தில் வாசலில் உட்காரலாம் என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது.

முன்னறிவிப்பு தரும் ஆப்களின் கதை வேறு. வின்டி போன்ற வானிலை ஆப்கள் காட்டுவது ஐரோப்பாவின் கேம்ஸ் என்ற கணினிக் கணிப்பை. அது ஊர்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணிக்கிறது; ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர் அகலம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், இடையிலுள்ள மாந்தோப்பு எல்லாம் அதற்கு ஒரே இடம். காற்றையும் மழையையும் அது நன்றாகவே சொல்கிறது. எந்த நாள் விடியற்காலையில் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடி வைக்கும் என்பது அதற்குத் தெரியாது. டெல்லி, மும்பை, புனே, அகமதாபாத்துக்கு சஃபர் என்ற தனி முன்னறிவிப்பு அமைப்பு உண்டு. நம்மைப் போன்ற ஊர்களுக்கு அப்படி ஒன்று வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் தோன்றுகிறது. டெல்லிக்காரர் நுரையீரலுக்கும் நம் நுரையீரலுக்கும் வித்தியாசம் கிடையாது.

அதுவரை நானே கணிக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் வானத்தைப் பார்ப்பேன். மேகமில்லாமல், காற்று அசையாமல் இருந்தால் கவலைதான். தெளிந்த இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே இருக்கிற வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் ஆகிவிடும். கீழே விடுகிற புகை கீழேயே கிடக்கும். மழை பெய்தாலோ, கிழக்கே இருந்து காற்று வீசினாலோ அதே அளவு வெடி வெடித்தும் எண் சீக்கிரம் இறங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2018-ல் இருந்து பட்டாசுக்கு அரசு கொடுத்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. இரண்டும் ஒரு மணி நேரம்தான் என்றாலும் மீட்டரில் இரண்டும் ஒன்றில்லை. காலைப் புகை, வெயில் ஏறினதும் ஒன்பது, பத்து மணிக்குள் மேலே கலைந்துவிடும். இரவுப் புகைக்குப் போக வழியில்லை. விடிய விடிய தங்கும். அதனால் தீபாவளியன்று நாங்கள் அதிகம் பயப்படுவது இரவுக்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கே ஜன்னல்கள் சாத்தி, கதவடியில் ஈரத்துணி போட்டுவிடுவேன். இன்ஹேலரும், அதோடு மாட்டி மருந்தை இழுக்கிற ஸ்பேசர் குழாயும் அம்மாவின் கட்டிலருகே. நுண்துகளுக்கு நம் நாட்டு வரம்பு 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 15. அன்றிரவு வெளியே எண் முந்நூறைத் தாண்டும்போது, சாத்திய அறைக்குள் அதில் மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருக்கும். அந்தக் குறைவே அம்மாவைத் தூங்க வைக்கிறது.

போகி இன்னும் மோசம். ஜனவரிக் குளிர், பனிமூட்டம், விடிவதற்கு முன்பே எரிகிற டயரும் பிளாஸ்டிக்கும். ஒரு தெருவில் ஒரே ஒரு டயர் எரிந்தாலும் எங்கள் எண் சட்டென்று ஏறும். பக்கத்து வீட்டுத் தம்பி முந்தின நாள் கேட் பக்கம் நின்று கேட்பார்: "அண்ணா, காத்தால எப்படி இருக்கும்?" "காத்தே இல்லப்பா, பாப்பாவை எட்டு மணிக்கு மேல வெளிய விடு." அவர் டயர் எரிப்பதையும் விட்டுவிட்டார், பழைய பாயோடு சரி.

கார்த்திகைக்கும் ஆயுத பூஜைக்கும் வெளியே பெரிதாக ஏறுவதில்லை. ஆனால் பண்டிகைக்கு முந்தின இரவு பெங்களூரிலிருந்து ஊர் திரும்புகிற வண்டிகள் டோல்கேட்டில் வரிசை கட்டும்போது, ஹைவே பக்கம் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்துவது நல்லது.

மீட்டரின் குறைகளும் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது லேசர் ஒளிச்சிதறலை வைத்து அளக்கிற சென்சார். பனியில் துகள்கள் ஈரம் உறிஞ்சி உப்புவதால் எண்ணைக் கூட்டிக் காட்டும். மார்கழிக் காலையில் யாரும் எதையும் எரிக்காத நாளின் எண்ணைக் குறித்து வைத்து, போகி எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், தாளிப்பு எல்லாவற்றுக்கும் எகிறும். பூஜையறை, சமையலறைப் பக்கம் வைக்காதீர்கள். ஓடிக்கொண்டே இருந்தால் லேசர் தேயும் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கிற மாதிரி வைத்திருக்கிறேன். காற்று போகிற துளையில் தூசி அடையும், கை ப்ளோயரால் ஊதினால் போதும். இரண்டாம் வருடத்தில் பேட்டரி சார்ஜ் நிற்காமல் போனது. விற்ற கம்பெனி மெயிலுக்குப் பதிலே போடவில்லை, அதனால் இப்போது சார்ஜரிலேயே ஓடுகிறது.

2026 தீபாவளி நவம்பர் 8. அக்டோபரில் வருவதைவிட இரவுக் குளிர் கூடுதலாக இருக்கும் காலம். மழை விட்டு வானம் தெளிந்திருந்தால் புகை தங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் மருந்து தீர்ந்திருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். பண்டிகையன்று மெடிக்கல் ஷாப் பாதி மூடித்தான் இருக்கும்.