ஒவ்வொரு கூட்டத்திலுமா, சிறப்பு நாட்களில் மட்டுமா?

அமெரிக்க நகர மன்றங்களில், எழுந்து நின்று நாட்டுக்கு விசுவாசம் சொல்லும் கொடி உறுதிமொழியை எப்போது சொல்வது? கூட்டந்தோறும் சொன்னால், கட்சி மறந்து எல்லோரும் சேர்ந்து எழும் ஒரு நிமிடம் கிடைக்கிறது. அதன் மதிப்பு சிறிதல்ல. ஆனால் எழாதவர்மேல் பார்வைகள் திரும்பும். பள்ளி மாணவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1943-லேயே தீர்ப்பளித்துவிட்டது. இருந்தாலும், அனுமதி கேட்டு மன்றத்தின் முன் வந்து நிற்பவருக்கு உட்கார்ந்தே இருக்கத் துணிச்சல் வருமா? எனக்கு உறுத்துவது இதுதான்.

சிறப்பு நாட்களில் மட்டும் என்றால் அந்த நெருக்கடி குறையும், சொற்களுக்கும் கனம் கூடும். சிக்கல், மாற்றும் விதத்தில். மினசோட்டாவின் செயின்ட் லூயிஸ் பார்க் நகர மன்றம் 2019 ஜூனில் பெரும்பாலான கூட்டங்களில் இதைக் கைவிட்டது. கடும் எதிர்ப்பு எழ, ஜூலையிலேயே திரும்பக் கொண்டுவந்தது. புதிதாக விதி எழுதும் மன்றத்துக்கு, சிறப்பு நாட்களில் மட்டும் என்பதையே சொல்வேன். பழகிய ஊரில், மக்களைக் கேட்காமல் கைவைக்கக் கூடாது.