கிராக்கோவ் ரினெக் அண்டர்கிரவுண்ட் மியூசியம்: மேல சுத்தறதுக்கு முன்னாடி கீழ இறங்கிடுங்க

போலந்து போறவங்க நிறைய பேர் கிராக்கோவ் நடு சதுக்கத்துல நாலு போட்டோ எடுத்துட்டு, குதிரை வண்டியில ஒரு ரவுண்டு போய்ட்டு, அப்படியே அடுத்த ஊருக்கு பஸ் ஏறிடறாங்க. தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. அந்த சதுக்கத்துக்கு அடியில, சுமார் நாலு மீட்டர் ஆழத்துல ஒரு மியூசியம் இருக்கு, பேரு ரினெக் அண்டர்கிரவுண்ட். 2005ல ஆரம்பிச்ச தோண்டல் வேலையில கிடைச்சதையெல்லாம் கிடைச்ச இடத்துலயே வச்சு 2010ல திறந்தாங்க. என்னைக் கேட்டா முதல்ல அதைப் பாத்துடணும், அப்புறம்தான் மேல இருக்கற எதுவுமே சரியா புரியும்.

ஏன்னா அந்தக் காலத்து தரை இப்ப நாம நிக்கற தரை இல்ல. நம்ம ஊர்ல ரோட்டு மேல ரோடு போட்டுப் போட்டு பழைய வீட்டு வாசப்படி பள்ளத்துக்குப் போயிடும்ல, அதே கதைதான், ஆனா இங்க நூத்துக்கணக்கான வருஷம் குப்பையும் மண்ணும் கல்லும் சேந்து ஏறியிருக்கு.

உள்ள நுழையும்போதே புகைத்திரை மாதிரி ஒண்ணு மேல பழைய நகரத்து ஆளுங்க நடமாடற படம் விழும், அதுக்குள்ள புகுந்துதான் போகணும், பசங்களுக்கு ரொம்ப பிடிக்கும். ஆனா எனக்கு மனசுல நின்னது அதில்ல, ஈயக்கட்டி. 693 கிலோ. மேல பாலிஷ் எதுவும் இல்லாம, கரடுமுரடா, சாம்பல் நிறத்துல பெரிய ரொட்டி மாதிரி கிடக்கு. இந்த சதுக்கத்துல பெரிய தராசுன்னும் சின்ன தராசுன்னும் ரெண்டு எடை போடற கட்டடம் இருந்திருக்கு, ஈயம், செம்பு எல்லாம் அங்க வந்து எடை போட்டுத்தான் கை மாறும். ரெண்டையும் 19ம் நூற்றாண்டுல இடிச்சுட்டாங்க, இப்ப அடித்தளம் மட்டும் கீழ இருக்கு. அழகுக்காக விட்ட காலி இடம் இல்ல இது, முழுக்க முழுக்க யாவாரத்துக்குன்னு போட்ட இடம்னு அந்தக் கட்டியைப் பாத்த உடனே புரிஞ்சிடுது.

அதுக்கும் முன்னாடி அங்க இடுகாடு இருந்திருக்கு, 11ம் நூற்றாண்டு கல்லறைங்க. சில எலும்புக்கூடு கை கால் மடக்கி, கட்டிப்போட்ட மாதிரி கிடைச்சிருக்கு, செத்தவங்க எழுந்து வந்துடக்கூடாதுன்னு பயந்து அப்படி புதைச்சிருக்கலாம்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அங்க கொஞ்ச நேரம் பேசாம நின்னேன், கண்காட்சிப் பொருளா இருந்தாலும் யாரோ ஒரு வீட்டு மனுஷங்கதானே.

1241ல மங்கோலியப் படை வந்து ஊரை எரிச்சுட்டுப் போச்சு. 1257ல போலெஸ்வாஃப்ங்கற டியூக் (அந்தப் பகுதியை ஆண்டவர்) புதுசா நகர சாசனம் குடுத்து, பக்கத்துக்கு 200 மீட்டர்னு சதுரமா அளந்து, ஒவ்வொரு பக்கத்துலேந்தும் நேர்கோட்டுல தெரு பிரியற மாதிரி போட்டாங்க. இதைத் தெரிஞ்சுக்கிட்டு மேல ஏறி வந்தா பழசு எது புதுசு எதுன்னு கண்ணே பிரிச்சுக் காட்டும். கோட்டைக்குப் போற குரோட்ஸ்கா தெரு மட்டும் கோணலா வந்து சேருது பாருங்க, அது அந்த பிளானுக்கு முன்னாடியே இருந்த தெரு. அது பக்கத்துலயே புனித வோய்ச்சேக்னு ஒரு குட்டி தேவாலயம், அதுவும் சதுக்கத்தை விட வயசுல மூத்தது, பழைய தரை மட்டம் இன்னைக்கு தரையை விட ரெண்டு மீட்டருக்கும் அதிகமா கீழ இருக்கு. மொத்த சதுக்கத்துலயும் எனக்கு ரொம்ப பிடிச்ச கட்டடம் அதுதான், ஆனா கூட்டம் பூரா மரியா தேவாலயத்து பக்கம்தான்.

மரியா தேவாலயமும் விடக்கூடாதுதான். மணிக்கொரு தடவை உயரமான கோபுரத்துலேந்து தீயணைப்பு வீரர் ஒருத்தர் நாலு திசைக்கும் எக்காளம் ஊதுவார், பாதியில சட்டுனு நின்னுடும், எதிரியோட அம்பு ஊதினவர் கழுத்துல பாஞ்சதால அப்படின்னு ஒரு கதை. உள்ள ஃபைட் ஷ்டோஸ்ங்கற சிற்பி 1489ல முடிச்ச மர பலிபீடம் இருக்கு, நாஜிங்க அதை ஜெர்மனிக்கு தூக்கிட்டுப் போய் போருக்கப்புறம்தான் திரும்பி வந்துச்சு. அந்த வருஷங்கள்ல சதுக்கத்துக்கே ஹிட்லர் பேரை வச்சாங்க, நடுவுல இருந்த கவிஞர் மிட்ஸ்கியெவிச் சிலையை 1940ல உடைச்சுப் போட்டாங்க. இப்ப நிக்கறது 1955ல திரும்ப வச்சது. சாயங்காலம் அந்த சிலையடியில காலேஜ் பசங்க வட்ட ரொட்டியைப் பிச்சு சாப்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்கறதைப் பாக்கும்போது எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

போறவங்களுக்கு ரெண்டு விஷயம். டிக்கெட் நேரம் போட்டுத்தான் குடுக்கறாங்க, ஒரே நேரத்துல நிறைய பேரை உள்ள விடமாட்டாங்க, அதனால சீசன்ல முன்னாடியே ஆன்லைன்ல எடுத்து வச்சுக்கோங்க. மியூசியத்து வாசல், சதுக்கத்து நடுவுல இருக்கற நீளமான ஜவுளி மண்டபத்துல, மரியா தேவாலயத்தைப் பாத்த பக்கம். உள்ள இருட்டு, தரை மேடு பள்ளம், வயசானவங்களைக் கூட்டிட்டுப் போனா கையைப் பிடிச்சுக்கோங்க. ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்க, டச் ஸ்கிரீன் எல்லாம் நின்னு படிச்சா இன்னும் கூட ஆகும். ஒரே நாள்தான் கையில இருக்கு, ஏதாவது ஒண்ணுதான் பாக்க முடியும்னா குதிரை வண்டியை விட்டுட்டு இதுக்குப் போங்க.