பூட்டுத்திரை ஓட்டை: நிறுவனத்திடம் சொல்வதா, ஊரறியச் சொல்வதா?

பெரும்பாலான மென்பொருள் குறைகளைத் தவறாகப் பயன்படுத்த நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டுத்திரைக் குறை அப்படியல்ல. கைபேசி கைக்குக் கிடைத்து, செய்முறையும் தெரிந்துவிட்டால் யாராலும் திறந்துவிட முடியும். அதனால்தான் கண்டுபிடித்தவர் அதை யாரிடம், எப்போது சொல்கிறார் என்பது இங்கே பெரிய கேள்வியாகிறது.

முதல் வழி, நிறுவனத்திடம் மட்டும் தெரிவித்துவிட்டுக் காத்திருப்பது. 2022இல் டேவிட் ஷூட்ஸ் என்ற ஆய்வாளர் கூகுள் பிக்சல் கைபேசியில் கண்டது இது: பூட்டியிருக்கும் கைபேசியில் தன் சிம்மைச் செருகி, அந்த சிம்முக்கான இரகசிய (PIN) எண்ணை மூன்று முறை தவறாக இட்டு, பிறகு பூட்டிக்கொண்ட சிம்மைத் திறக்கும் எட்டு இலக்க பி.யூ.கே. (PUK) எண்ணைக் கொடுத்துப் புதிய இரகசிய எண்ணை அமைத்தால், கைபேசி கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்காமல் நேராக முகப்புக்குப் போய்விடும். பி.யூ.கே. எண் சிம் அட்டையோடு அச்சிட்டே வருவது. திருடன் தன்னுடைய சிம்மைக் கொண்டுவந்தால் போதும். சிம் திரையை மூடுவதற்கான கட்டளை, அந்த நொடியில் எந்தப் பாதுகாப்புத் திரை மேலே இருந்ததோ அதையே மூடியதுதான் காரணம்.

ஜூனில் அவர் தெரிவித்தார். வேறொருவர் முன்பே சொல்லிவிட்டார் என்று பதில் வந்தது. செப்டம்பரிலும் ஓட்டை அடைபடவில்லை. அக்டோபர் 15க்குப் பின் வெளியிடுவேன் என்று அவர் கெடு வைத்தார். பிறகும் பொறுத்து, நவம்பர் புதுப்பிப்பில் அது சரியான பின்னரே விவரங்களை வெளியிட்டார். அவருடைய அறிக்கையால்தான் பணி தொடங்கியது என்று ஏற்றுக்கொண்ட கூகுள் 70,000 டாலர் கொடுத்தது.

இரண்டாவது வழி, நேராகப் பொதுவெளியில் காட்டுவது. ஐபோன் பூட்டுத்திரைகளைப் பல ஆண்டுகளாகச் சோதித்துவரும் ஸ்பெயின்காரர் ஹோசே ரோட்ரிகஸ், 2019 ஜூலையில் ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 13இன் சோதனைப் பதிப்பில் தொடர்பு எண்களைப் பார்க்க வழியிருப்பதை ஆப்பிளுக்குத் தெரிவித்தார். செப்டம்பரில் அந்தப் பதிப்பு குறையோடே வெளியானது, 13.1இல்தான் சரியானது. ஆனால் 2021இல் ஐஓஎஸ் 15 வெளியான அன்றே, பூட்டிய கைபேசியில் சேமித்துள்ள குறிப்புகளைப் படிக்கும் முறையை அவர் காணொளியாக வெளியிட்டார். இத்தகைய குறைகளுக்கு 25,000 டாலர் வரை தருவதாகச் சொல்லியிருந்த நிறுவனம், இதைவிடக் கடுமையான ஒன்றுக்குத் தனக்கு 5,000 டாலரே தந்தது என்பது அவருடைய முறையீடு.

அந்த மனக்குறை நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும், காணொளி வெளியான கணம் முதல் திருத்தம் வரும்வரை தவிப்பது நிறுவனமல்ல, கைபேசியைத் தொலைத்தவர். ஆகவே என் தேர்வு முதல் வழிதான். ஆனால் கெடு இல்லாத காத்திருப்பாக அது இருக்கக் கூடாது. முதலில் தெரிவித்தவர் வேறொருவராக இருந்தும், விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஷூட்ஸால்தானே வேலை நடந்தது?

முதல் வழியிலும் ஒரு இடைவெளி இருக்கிறது. பிக்சலுக்குத் திருத்தம் அந்த நவம்பர் புதுப்பிப்பிலேயே வந்தது. மற்ற தயாரிப்பாளர்களின் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு அவரவர் அனுப்பினால்தான் உண்டு. ஆண்ட்ராய்டு 10 முதல் 13 வரை உள்ள கைபேசியில், அமைப்புகளில் தெரியும் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதி 2022 நவம்பர் 5க்கு முந்தையதாக இருந்தால், இந்த ஓட்டை இன்னும் திறந்தே இருக்கக்கூடும்.