ரிச்சி ஸ்ட்ரீட்டில் சப்ஊஃபர் வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில், பேஸ் (தாழ்ந்த) ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கரான சப்ஊஃபர் வாங்கப் போய் ஒரு கடையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அங்கே நேர்மையாக வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர் உண்டு. இந்தக் கடை அப்படி இல்லை.

என் அறை 10க்கு 12 அடி. கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகளும் பழைய சினிமாப் பாட்டுகளும். காற்றுப் போகத் துளை இல்லாத, சீல் செய்த பெட்டியில் 8 இன்ச் ஊஃபர் வேண்டும் என்று கேட்டேன். "எட்டுல பேஸே வராது சார். பன்னெண்டு போடுங்க, ஆயிரம் வாட், வீடே அதிரும்" என்றார் கடைக்காரர். அறை அளவைச் சொன்னதும், "சின்ன ரூமுக்கும் இதுதான் செட் ஆகும், பிடிக்கலைன்னா மாத்தித் தரேன்" என்று உறுதி சொன்னார். அதை நம்பித்தான் பதினான்காயிரம் கொடுத்தேன்.

வீட்டில் போட்டால் மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார், தபேலா எல்லாம் ஒரே 'தொம்'. கிட்டாரில் சுரம் மாறுவதே தெரியவில்லை. பீரோ கதவு அதிர்கிறது, கீழ் வீட்டு மாமி மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்கிறார். வால்யூமைக் குறைத்தாலும் அந்தத் 'தொம்' மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பெட்டியின் உள்ளளவு 13க்கு 13க்கு 8 இன்ச், அதாவது சுமார் 22 லிட்டர். 8 இன்ச் ஊஃபருக்கு அது தாராளம். சாதாரண 12 இன்ச்சுக்கு மாடலைப் பொறுத்து 30 முதல் 60 லிட்டர் வரை தேவைப்படும். இடம் பற்றாமல் அடைபட்ட காற்று, ஊஃபரில் அதிரும் கூம்பான கோனை இறுக்கிப் பிடிக்கும். ஒரு குறிப்பிட்ட சுரத்தருகே மட்டும் சத்தம் வீங்கும். அறையும் சேர்ந்துகொள்ளும். 12 அடி நீளம் சுமார் 47 ஹெர்ட்ஸையும், 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸையும் தானாகவே தூக்கிக் கொடுக்கும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்பதால், பாட்டின் அடித்தளமே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இன்னும் இருக்கிறது. காந்தத்தின் மேல் போட்டிருந்த ரப்பர் உறையை உரித்தேன். உள்ளே உறையில் பாதி அகலத்துக்குத்தான் காந்தம்; மீதியை ஒரு இரும்புத் தகடு வைத்து கனமாக்கியிருந்தார்கள். ஆயிரம் வாட் என்ற ஆம்ப்ளிஃபயரில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12, அதாவது மொத்தம் 24 வோல்ட், 5 ஆம்பியர். கணக்குப் போட்டால் 120 வாட்தான். ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது அதிலும் குறைவு. ஸ்டிக்கரில் பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிப் போடும் உச்ச வாட்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிட்டு ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) எவ்வளவு என்று கேளுங்கள்.

திரும்பக் கொண்டுபோனேன். "ஓப்பன் பண்ணிட்டீங்க, எடுக்க முடியாது." மாற்றித் தருவதாகச் சொன்னீர்களே என்றால், யார் சொன்னது என்கிறார். நான் பில் கேட்டும் அன்று கையில் கிடைத்தது மாடல் எண்கூட இல்லாத எஸ்டிமேட் தாள்தான். பில் தர மறுப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். திரும்ப எடுப்பதற்குப் பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று அதே சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

12 இன்ச் என்றாலே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கேற்ற பெட்டி இருந்து, வைக்கும் இடமும் சரியாக இருந்தால் சின்ன அறையிலும் அருமையாகப் பாடும். ஆனால் 10க்கு 12 அறையில் பாட்டு மட்டும் கேட்பவருக்கு நல்ல 8 இன்ச் போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடையில் இன்ச் பேச்சை எடுத்தால், பெட்டி எத்தனை லிட்டர் என்று முதலில் கேளுங்கள். காந்த உறையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உங்களுக்குப் பழக்கமான பாட்டைப் போட்டு, பேஸில் சுரம் மாறுவது தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மாடல் எண்ணும் ஓம் அளவும் (ஸ்பீக்கரின் மின்தடை) எழுதிய ஜிஎஸ்டி பில் தந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.