தணலில் எதைச் சுடலாம்: சோளமா, கிழங்கா, கோழியா?

போன டிசம்பரில் குடும்பமாகப் பத்துப் பேர் கொடைக்கானலில் தங்கியிருந்தோம். கேம்ப்ஃபயருக்கு விடுதிக்காரரே விறகு அடுக்கிக் கொடுத்தார். இரண்டு கிலோ கோழியை மசாலா தடவி ஆசையாகக் கொண்டுபோயிருந்தோம். விசிறியோடு கம்பி வலைக்கு முன்னால் உட்கார்ந்த அத்தான், நாங்கள் பாடி முடித்துப் போர்வையைத் தேடும் வரை எழுந்திருக்கவே இல்லை. கடைசித் துண்டு அவர் தட்டுக்கு வந்தபோது நெருப்பும் அணைந்துகொண்டிருந்தது. எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இப்போதெல்லாம் எந்த உணவானாலும் முதலில் ஒன்றைப் பார்க்கிறேன்: சுடுகிறவரும் நம்மோடு உட்கார்ந்து பேச முடியுமா?

இந்தக் கணக்கில் உண்மையான போட்டி மக்காச்சோளத்துக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கும்தான்.

சோளம் சீக்கிரம் ஆகிவிடும். நல்ல தணலில் பத்து நிமிடம் திருப்பித் திருப்பிக் காட்டினால் முத்துகள் படபடவென்று வெடிக்கும். அரை எலுமிச்சையை உப்பு, மிளகாய்த்தூளில் தொட்டுத் தேய்த்தால் மெரினா மணலில் நின்று தின்ற அதே ருசி. ஆனால் பத்துக் கதிர் என்றால் ஒருவர் நெருப்பை விட்டு நகர முடியாது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. மட்டையை உரிக்காமல் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அப்படியே தணலில் போட்டுவிடுங்கள். இடையில் ஒன்றிரண்டு முறை புரட்டினால் போதும், உள்ளே ஆவியிலேயே வெந்துவிடும். இருபது நிமிடம் கழித்து உரித்து, ஒரே ஒரு நிமிடம் நேரடித் தணலில் காட்டினால் கருகல் வாசனையும் கிடைத்துவிடும்.

சோளத்தை முதல் நாளே வாங்கி வைக்காதீர்கள். பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். இரண்டு நாள் பையில் கிடந்த கதிர் எவ்வளவு சுட்டாலும் சப்பென்றுதான் இருக்கும்.

கிழங்கு இதற்கு நேர் எதிர். மெதுவாகச் சூடேறும்போது கிழங்கிலுள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. அதனால்தான் குக்கரில் அவசரமாக வெந்த கிழங்கைவிடச் சாம்பலில் கிடந்து வெந்த கிழங்கு தித்திக்கிறது. மெலிந்து நீண்டதாகப் பார்த்து வாங்குங்கள், பருமனானது வெளியே கரியாகி நடுவில் வேகாமல் நிற்கும். கழுவித் துடைத்து, தணல் ஓரமாகச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டால் முக்கால் மணி நேரத்துக்கு அதன் பக்கமே போக வேண்டாம், நடுவில் ஒருமுறை புரட்டினால் போதும். குச்சியால் குத்திப் பார்த்து வழுக்கிக்கொண்டு இறங்கினால் எடுத்துவிடலாம். சூடு பறக்கப் பறக்கத் தோலை உரிக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் குழந்தைகள்கூடப் போனைக் கீழே வைத்துவிடுகிறார்கள். என் ஓட்டு கிழங்குக்குத்தான். மார்கழி, தை மாதமென்றால் பனங்கிழங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தோலோடு சுட்டால் அவித்ததில் இல்லாத ஒரு மணம் வரும்.

கோழிக்கு வருவோம். ருசியில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பயணம் முழுக்க ஐஸ் பெட்டியில் வர வேண்டும், பச்சைக் கறி தொட்ட கையும் தட்டும் மற்ற உணவில் படக் கூடாது, துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏற வேண்டும். இருட்டில் நெருப்பு வெளிச்சத்தில் பார்த்தால் வேகாத துண்டும் வெந்ததுபோலத்தான் தெரியும். கோழி இல்லாமல் ஆகாது என்றால் எலும்பில்லாத சிறு துண்டுகளாகக் கொண்டுபோய், இரண்டு பேர் முறைவைத்துச் சுடுங்கள்.

பன்னீரும் குளிர்ச்சியாகவே வர வேண்டும், ஆனால் உள்ளே வெந்ததா என்ற கவலை அதில் இல்லை. குடைமிளகாய், வெங்காயத்தோடு கம்பியில் கோத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் ஓரம் சிவந்துவிடும். பெரிய கூட்டத்துக்கு நான் பன்னீர் பக்கம்தான். மூங்கில் குச்சி என்றால் அரை மணி நேரம் ஊறவைக்க மறக்க வேண்டாம். குச்சி இல்லையென்று வேலியோரத்தில் எதையாவது ஒடித்துக் கோக்காதீர்கள். அரளி முழுக்க முழுக்க விஷம்.

மேகி எல்லோருக்கும் பிடிக்கும், சரி. ஆனால் கொடைக்கானல், ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாக்கெட்டில் போட்ட நிமிடக் கணக்கு அங்கே போதாது, கரி பிடித்த பாத்திரத்தை யாராவது தேய்க்கவும் வேண்டும். தணல் விழும் வரை பசி தாங்காதவர்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனிப்புக்கு இப்போது பலரும் மார்ஷ்மெல்லோ வாங்குகிறார்கள். குச்சியில் உருகுவதைப் பார்க்க அழகுதான். ஆனால் வழக்கமாக அதில் ஜெலட்டின் இருக்கும், சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆகாது. நன்றாகப் பழுத்த நேந்திரம் பழத்தைத் தோலோடு நீளவாக்கில் கீறி, நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காய்ப் பொடியும் திணித்துத் தணலில் வையுங்கள். தோல் கறுத்ததும் கரண்டியால் தோண்டிச் சாப்பிடலாம். தோலே தட்டு.

இதெல்லாம் தணலில்தான் சரியாக வரும், எரிகிற சுவாலையில் அல்ல. சவுக்கு விறகும் கொட்டாங்குச்சியும் நல்ல தணல் தரும், பெயின்ட் அடித்த பலகை கூடவே கூடாது. நெருப்பும் விடுதி வளாகத்துக்குள் அனுமதித்த இடத்தில்தான். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறப் போனவர்களைப் பலிகொண்டதை நாம் மறந்துவிட முடியாது.

பத்துப் பேருக்கு இரண்டரை கிலோ கிழங்கு, பத்துக் கதிர், முக்கால் கிலோ பன்னீர், பத்துப் பழம் என்று இந்த வருடத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன். சுவாலை எரியும்போது சுக்குக் காபி, தணல் விழுந்ததும் கிழங்கைப் புதைத்துச் சோளத்தை மேலே போடுவது, அப்புறம் பன்னீர், கடைசியில் பழம். அத்தானுக்கு எங்கள் நடுவில் ஒரு பாய் விரித்தாயிற்று என்று இப்போதே சொல்லிவிட்டேன்.